படகு அப்புறம் விடலாம்... முதலில் தண்ணீர் விடுங்க!

சேலத்தின் தாகம் தீர்க்க ஒரு நூற்றாண்டுக்கு முன்னால் கட்டிய பனமரத்துப்பட்டி ஏரி முள்காடாகிக் கிடக்கிறது. 'சுற்றுலாத் தலமாக்குவோம்' என்று ஒவ்வொரு தேர்தலுக்கும் ஒரு குரல் வருகிறது. ஆக்கினால் அந்தக் காசு யார் மடியில் விழும்?

விடிய இன்னும் அரை மணி நேரம் இருக்கிறது. பனமரத்துப்பட்டியைத் தாண்டி ஏரிப் பக்கம் திரும்பும் சாலையோரத்து அரளித் தோட்டத்தில் நான்கைந்து வெளிச்சப் புள்ளிகள் அசைகின்றன. தலையில் டார்ச் கட்டிக்கொண்டு பூப் பறிக்கிறார்கள். அரளி மலர்ந்துவிட்டால் மார்க்கெட்டில் மதிப்பு போச்சு. மொட்டாகவே விரல் நுனியில் கிள்ளி, இடுப்பில் கட்டிய துணிப்பையில் போட வேண்டும். கிள்ளிய இடத்தில் பால் வடிகிறது. விரலில் ஒட்டி, காய்ந்து, கறுத்துப் பிசுபிசுக்கிறது. சோப்பு போட்டால் போகாது, தேங்காய் எண்ணெய் வேண்டும்.

பொழுது விடிந்ததும் சாக்குகள் பைக்கில் ஏறி, சேலம் வ.உ.சி. மார்க்கெட்டுக்குக் கிளம்புகின்றன. அதே சாலையில் எதிரே வெளியூர் நம்பர் போட்ட கார் ஒன்று வந்து நிற்கிறது. கண்ணாடி இறங்குகிறது.

"அக்கா, இங்க பெரிய ஏரி ஒண்ணு இருக்காமே... எந்தப் பக்கம் போகணும்?"

"இதாங்க ஏரி."

காரில் இருந்தவர் எட்டிப் பார்க்கிறார். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை சீமைக்கருவேலம். அதற்கு அப்பால் நீலமாக ஜருகுமலை. நடுவில் ஆட்டு மந்தை ஒன்று நுழைந்து மறைகிறது.

"தண்ணி?"

"தண்ணி இருந்தா நாங்க எதுக்குங்க அரளி போடறோம்?" என்று சிரித்துவிட்டு அந்த அம்மா அடுத்த செடிக்கு நகர்ந்துவிட்டார். கார் திரும்பிப் போய்விட்டது. அந்தக் காரில் வந்தவர்கள் பனமரத்துப்பட்டியில் ஒரு டீ கூடக் குடிக்கவில்லை.

இந்தக் கட்டுரை அந்த டீயைப் பற்றியதுதான்.

நிலம் இந்த ஊரில், பட்டா அந்த ஊரில்

கதை பெரும்பாலான சேலத்துக்காரர்களுக்குத் தெரிந்ததுதான், சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஜருகுமலையிலும் போதமலையிலும் விழும் மழை ஓடி வந்து சேரும் பள்ளத்தில், 1911-ல் வெள்ளைக்காரர் காலத்தில் கரை எழுப்பிக் கட்டிய ஏரி இது. பாசனத்துக்கு என்று கட்டியது இல்லை. சேலம் நகரத்துக்குக் குடிநீர் கொடுக்கக் கட்டியது. 1934-ல் மேட்டூர் அணை வந்தது. பிறகு காவிரித் தண்ணீர் குழாய் வழியாகச் சேலத்துக்கே வரத் தொடங்கியது. பனமரத்துப்பட்டியை நகரம் மெல்ல மெல்ல மறந்தது. மழை பொய்த்த ஆண்டுகளில் ஏரி வற்றியது. வற்றிய தரையில் சீமைக்கருவேலம் ஏறியது. ஏறியது இறங்கவில்லை.

ஆனால் பட்டா மட்டும் மாறவில்லை. ஏரி இன்றைக்கும் சேலம் மாநகராட்சியின் சொத்து. கரையில் குடியிருப்பவர்களுக்கு ஒரு பேரூராட்சியும் சுற்றிலும் கிராம ஊராட்சிகளும் இருக்கின்றன. அவர்களுக்கு ஏரி கண்ணுக்குத் தெரியும், கைக்கு எட்டாது. முள் வெட்டும் ஏலம் முதல் நாளை வரப்போகும் படகுத்துறை வரை, முடிவு எடுக்கும் மேசை இருப்பது சேலத்தில். சுற்றுலா பற்றிப் பேசும்போது எல்லோரும் தாண்டிப் போகும் இடம் இதுதான். என் கணக்கில், தொடங்க வேண்டிய இடமும் இதுதான்.

எழுபது, எண்பதுகளில் டிபன் கேரியரில் புளிச்சோறு கட்டிக்கொண்டு ஏரிக்குப் போன கதை சேலத்தில் பல வீடுகளில் உண்டு. அந்த ஞாபகம்தான் இப்போது திட்ட அறிக்கை வடிவில் திரும்பி வருகிறது. நடைபாதை, பூங்கா, படகு, செல்ஃபி மேடை என்று. எந்த ஏரிக்கும் பொருந்தும் அறிக்கை. ஏரியின் பெயரை மாற்றி எழுதினால் போதும்.

---
பெட்டிச் செய்தி: ஏரி... சில விவரங்கள்

பரப்பு: சுமார் 2,137 ஏக்கர்.

கட்டிய ஆண்டு: 1911.

உரிமை: சேலம் மாநகராட்சி (நகராட்சியாக இருந்து 1994-ல் மாநகராட்சி ஆனது).

நீர் வரத்து: ஜருகுமலை, போதமலை ஓடைகள்.

சுற்றுவட்டாரப் பயிர்: அரளி, மரவள்ளி, காய்கறி. சந்தியூரில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது.

பக்கத்து நெடுஞ்சாலை: மல்லூர் வழியாகப் போகும் சேலம் - நாமக்கல் சாலை (என்.எச். 44).
---

ஏற்காட்டில் கூட்டம் இருக்கிறது... காசு இருக்கிறதா?

பனமரத்துப்பட்டிக்கு வெளிநாட்டு உதாரணம் எதுவும் வேண்டாம். வடக்கே பார்த்தால் ஏற்காடு, தெற்கே பார்த்தால் கொல்லிமலை.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு ஏற்காடு அடிவாரத்தில் நின்று பாருங்கள். 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் வண்டி ஒன்றன்பின் ஒன்றாக மூச்சுவாங்கி ஏறும். மே மாதக் கோடை விழா சமயத்தில் ஏறுவது ஒரு வழி, குப்பனூர் வழியாக இறங்குவது ஒரு வழி என்று போலீஸ் பிரித்து விட வேண்டியிருக்கிறது. மேலே ஏரி, படகு, லேடீஸ் சீட், பகோடா பாயின்ட், கிளியூர் அருவி, சேர்வராயன் கோயில். மாலை ஐந்து மணிக்குள் எல்லாம் பார்த்து முடித்துவிட்டு இறங்கிவிடுவார்கள்.

பெங்களூரிலிருந்து வரும் நான்கு பேர் குடும்பம் ஒன்றின் செலவைக் கையோடு எழுதிப் பாருங்கள். பெட்ரோல் காசு எண்ணெய் கம்பெனிக்கு. அறை வாடகையில் ஒரு பங்கு முன்பதிவு ஆப்புக்கு, பெரும்பங்கு விடுதி முதலாளிக்கு. அவர் பெரும்பாலும் மலைக்குக் கீழே இருப்பவர். தண்ணீர் பாட்டில், சிப்ஸ், ஐஸ்கிரீம் எல்லாமே கீழே இருந்து லாரியில் ஏறியவை. மலைவாழ் குடும்பங்களின் கைக்கு வருவது எவ்வளவு? அறை துடைக்கும் கூலி, மிளகாய் பஜ்ஜிக் கடை, கொஞ்சம் மிளகு, கொஞ்சம் காபித்தூள், சீசனில் ஆரஞ்சு. ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிக்கிற மாதிரி. பிடித்தவன் தோள் நனையும், வீடு போய்ச் சேரும்போது குடம் காலி.

போகிறவர்கள் விட்டுப்போவது மட்டும் முழுசாக ஊரிலேயே தங்குகிறது. பிளாஸ்டிக் பையும் டம்ளரும் உள்ளிட்ட 14 வகைப் பொருள்களுக்கு 2019 ஜனவரி 1-ல் தமிழ்நாடு தடை போட்டது. வளைவுகளில் இறங்கி, தடுப்புச் சுவருக்கு அந்தப் பக்கம் எட்டிப் பாருங்கள், தடை எங்கே போய் விழுந்தது என்று தெரியும்.

கூட்டத்தை எண்ணிப் பெருமைப்படுகிற பழக்கம் நமக்கு இருக்கிறது. 2022-ல் தமிழ்நாட்டுக்கு வந்துபோன உள்நாட்டுப் பயணிகள் எண்ணிக்கை சுமார் 21.8 கோடி, நாட்டிலேயே முன்வரிசை. பெரிய எண்தான். ஆனால் கோயிலுக்கு வந்து மொட்டை போட்டுவிட்டு ராத்திரி பஸ்ஸில் திரும்புகிறவரும் அந்த எண்ணில்தான் இருக்கிறார். ஒரு ராத்திரி தங்கினாரா, எங்கே சாப்பிட்டார், யாரிடம் என்ன வாங்கினார் என்பதை அந்த எண் சொல்லாது.

கூட்டத்துக்கும் ஒரு எல்லை உண்டு என்பதைக் கடைசியில் நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் இ-பாஸ் வந்தது. 2025 ஏப்ரலில் எண்ணிக்கையே நிர்ணயமானது: ஊட்டிக்கு வார நாளில் 6,000 வண்டி, வாரக் கடைசியில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000, 6,000. வியாபாரிகள் எதிர்த்தார்கள், அவர்கள் வயிற்றுக்கவலை அவர்களுக்கு. அந்த இரண்டு மலைக்கும் கதவு சாத்தினால் மிச்ச வண்டி எங்கே திரும்பும்? ஏற்காட்டுக்கும் கொல்லிமலைக்கும்தான். அங்கே வளைவுகள் வண்டியைத் தாங்குமா என்ற கேள்வியை இன்றே கேட்டுவிடுவது நல்லது.

எழுபது வளைவு ஏறி என்ன வாங்கினோம்?

கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவு. யூடியூப்காரர்களுக்கு வளைவுதான் தலைப்பு. அறப்பளீஸ்வரர் கோயிலில் கும்பிட்டு, ஆயிரத்துக்கும் மேற்பட்ட படி இறங்கி ஆகாய கங்கையில் குளித்து, முழங்கால் நடுங்க ஏறி வந்து, வண்டியைக் கிளப்புகிறோம். ஆடிப் பெருக்கை ஒட்டி வல்வில் ஓரி விழா நடக்கும். சங்க காலத்து வள்ளல் பெயரில் அரசு விழா எடுக்கும் மலை அது.

அந்த மலையின் உண்மையான சரக்கு வேறு. சாமை, தினை, பனிவரகு, கேழ்வரகு என்று தலைமுறை தலைமுறையாகப் பயிரிட்ட சிறுதானியங்கள். சமவெளி ஜவ்வரிசி ஆலைகள் மரவள்ளிக்குக் கொடுத்த விலையில் அவற்றில் பலவும் ஓரங்கட்டப்பட்டன. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் தொண்ணூறுகளிலிருந்து அங்கே உட்கார்ந்து, மலையாளிப் பழங்குடியினரோடு சேர்ந்து விதைகளைக் காப்பாற்றியது. தானியம் உமி நீக்கும் மெஷின் ஊருக்குள் வந்தது. பெண்கள் குழுக்கள் சாமை அரிசியையும் மாவையும் பொட்டலம் போட்டு விற்றன. மெஷின் சின்ன விஷயமாகத் தெரியலாம். உரலில் சாமை குத்திய கையைக் கேட்டால் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லும். தானியம் குறைந்துபோனதற்கு விலையோடு இந்த உலக்கை வேலையும் ஒரு காரணம்.

ஆனால் அருவிக்குப் போகிற பயணிகளில் எத்தனை பேர் சாமைச் சோறு சாப்பிட்டுவிட்டுக் கீழே இறங்குகிறார்கள்? வழியெல்லாம் கிடைப்பது புரோட்டாவும் ஃப்ரைடு ரைஸும். மைதா கீழே இருந்து ஏறுகிறது, சாமை மேலே இருந்து இறங்குகிறது. நடுவழியில் இரண்டும் பார்த்துக்கொள்கின்றன.

பரளிக்காட்டுச் சாப்பாடு

காசை ஊரிலேயே நிறுத்திச் செய்து காட்டிய இடமும் நம்மிடம் இருக்கிறது. கோயம்புத்தூர் மாவட்டம், காரமடை வனச் சரகத்தில் பில்லூர் அணை நீர்த்தேக்கத்தின் ஓரம் பரளிக்காடு. வனத்துறை பழங்குடிக் குடும்பங்களோடு சேர்ந்து 2007-ல் தொடங்கிய சூழல் சுற்றுலா. நினைத்த நேரத்தில் வண்டியை ஓட்டிக்கொண்டு போக முடியாது. முன்பதிவு வேண்டும், ஆள் எண்ணிக்கைக்கு அளவு உண்டு. போனதும் பரிசல். துடுப்பு போடுவது அங்கத்திய ஆள். மதியம் சாப்பாடு. கேழ்வரகுக் களியும் கோழிக் குழம்புமாக, சமைத்துப் பரிமாறுவது பழங்குடிப் பெண்கள். அதற்குப் பிறகு ஆற்றில் குளியல். சாயந்திரம் வீட்டுக்கு.

பரளிக்காட்டில் கண்ணாடிப் பாலம் கிடையாது, ஜிப் லைன் கிடையாது. முதலீடு என்று பார்த்தால் பரிசலும் அடுப்பும்தான். ஆனாலும் அந்த ஒரு நாள் டிக்கெட்டில் பெரும்பங்கு ஊரைத் தாண்டிப் போவதில்லை. துடுப்பும் கரண்டியும் ஊர்க்காரர் கையில் இருக்கின்றன என்பதே காரணம். குறையும் இருக்கிறது. வனத்துறை கதவைச் சாத்தினால் எல்லோரும் சும்மா இருக்க வேண்டும், முடிவு அவர்கள் கையில். ஆனால் காசு எந்தத் திசையில் ஓட வேண்டும் என்பதற்கு இது நல்ல சாட்சி.

கேரளம் இதையே மாநிலக் கொள்கையாக்கியது. கும்பளங்கி கிராமம் 2003-ல் மாதிரிச் சுற்றுலா கிராமம் ஆனது. குமரகத்தில் ஓட்டல்கள் காய்கறியைக் குடும்பஸ்ரீ பெண்கள் குழுக்களிடம் வாங்க ஏற்பாடு நடந்தது. ஐந்து நட்சத்திர ஓட்டலின் சமையல்காரருக்குப் பக்கத்துத் தோட்டத்துக் கீரை போனது. தொடக்கத்தில் தரம், எடை, நேரம் என்று தகராறுகள் வந்தன, ஓட்டல்காரர் முகம் சுளித்தார். பழக்கம் ஆனபிறகு வழக்கமானது.

தமிழ்நாடும் சும்மா இல்லை. 2023 செப்டம்பரில் வந்த சுற்றுலாக் கொள்கை சுற்றுலாவுக்குத் தொழில் அந்தஸ்து கொடுத்தது. சலுகையும் மானியமும் முதலீட்டாளருக்குக் கிடைக்கும். அரளி பறிக்கும் பெண்ணும் முதலீட்டாளர்தான், அவர் போடுவது இடமும் கையும் நேரமும். விண்ணப்பப் படிவத்தில் அவருக்குக் கட்டம் இல்லை.

---
பெட்டிச் செய்தி: சேலத்தைச் சுற்றி ஒரு வட்டம்

ஏற்காடு: சேர்வராயன் மலை, உயரம் சுமார் 1,515 மீட்டர். 1963-ல் தொடங்கிய தேசிய ஆர்க்கிட் தோட்டம் இங்கேதான்.

பூலாம்பட்டி: கதவணை தேக்கிய காவிரி. சேலம் மாவட்டக் கரையிலிருந்து ஈரோடு மாவட்ட நெருஞ்சிப்பேட்டைக்குப் படகு. 'குட்டி கேரளா' என்று செல்லப் பெயர். மீன் வறுவல் பிரசித்தம்.

முத்துமலை முருகன்: ஏத்தாப்பூர் அருகே 146 அடிச் சிலை. கும்பாபிஷேகம் 2022 ஏப்ரல் 6.

தாரமங்கலம்: கைலாசநாதர் கோயில் சிற்பங்கள்.

மாடர்ன் தியேட்டர்ஸ்: டி.ஆர். சுந்தரம் 1935-ல் தொடங்கிய ஸ்டுடியோ. ஏற்காடு சாலையில் நுழைவு வளைவு மட்டும் மிச்சம்.
---

போதமலைக்கு ரோடு வருகிறது... பின்னாலேயே யார் வருகிறார்கள்?

ஏரியின் நீருக்குத் தாய் மலைகளில் ஒன்று போதமலை. நாமக்கல் மாவட்டம், ராசிபுரம் பக்கம் இருந்து ஏற வேண்டும். கீழூர், மேலூர், கெடமலை என்று மூன்று ஊர். தேர்தல் வந்தால் வாக்குப்பதிவு எந்திரத்தைத் தலையில் சுமந்து மலை ஏறும் படம் பேப்பரில் வருமே, அந்த மலைதான். உடம்புக்கு முடியாதவரைத் தூளி கட்டி இறக்கிய மலை. அங்கே சுமார் 140 கோடி ரூபாயில் சாலை போட அரசு முடிவெடுத்தது. சுதந்திரம் கிடைத்து முக்கால் நூற்றாண்டு கழித்து ஒரு தார் ரோடு. யாரும் வேண்டாம் என்று சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது.

ரோடு போனதும் ஆம்புலன்ஸ் போகும். அதன் பின்னாலேயே வெள்ளைச் சட்டை போட்ட நிலத் தரகர் போவார். மலை நாட்டில் இது புதுக்கதை இல்லை. 'வியூ நல்லா இருக்கு' என்று ஒருவர் சொன்ன நாளிலிருந்து சென்ட் கணக்கில் விலை பேசத் தொடங்குவார்கள்.

இங்கே ஒரு சட்டச் சிக்கல் பலர் கவனத்துக்கு வருவதில்லை. ஆந்திரம், ஒடிசா போன்ற மாநிலங்களில் அரசமைப்பின் ஐந்தாவது அட்டவணைப்படி அறிவித்த பழங்குடிப் பகுதிகள் உண்டு. அங்கே பழங்குடியினர் நிலம் வெளியார் கைக்கு மாறுவதைத் தடுக்கக் கடுமையான ஏற்பாடு இருக்கிறது. தமிழ்நாட்டில் ஓர் ஊர் கூட அந்த அட்டவணையில் இல்லை. சேலம், நாமக்கல் மலைகளில் இருக்கும் மலையாளி மக்கள் பட்டியல் பழங்குடியினர்தான். ஆனால் அவர்கள் நிலத்துக்கு அந்த அளவு வேலி இல்லை. 2006-ன் வன உரிமைச் சட்டம் காட்டு நிலத்தில் உரிமை தருகிறது, பட்டா நிலத்தை விற்பதை அது தடுக்காது. ஒரு பெண் கல்யாணம், ஓர் ஆஸ்பத்திரிச் செலவு போதும், நிலம் கைமாற. நிலம் விற்றவர் அதே இடத்தில் எழும்பும் ரிசார்ட்டில் வாட்ச்மேன் வேலைக்குப் போவார். அதையும் 'வேலைவாய்ப்பு' என்று ஏதாவது ஓர் அறிக்கை எண்ணிக்கொள்ளும்.

மலையில் கட்டடம் எழுந்தால் ஏரிக்கு என்ன? நிறைய இருக்கிறது. மலையில் காடு அழிந்தால் மண் கரைந்து ஓடையில் இறங்கும். ஓடை ஏரியில் மண்ணைக் கொட்டும். ரிசார்ட்டின் போர்வெல் உறிஞ்சுவதும் ஓடைக்கு வர வேண்டிய ஊற்றைத்தான். மேலே செய்கிற தப்புக்குக் கீழே தண்டனை. ஆக, பனமரத்துப்பட்டியின் சுற்றுலாத் திட்டத்தில் முதல் பக்கம் போதமலையிலும் ஜருகுமலையிலும் எழுதப்பட வேண்டும்.

முள்ளை வெட்டினால் முடிந்ததா?

சீமைக்கருவேலம் வந்த கதை விறகுக் கதை. வறண்ட நிலத்தில் அடுப்புக்கு ஆகும் என்று ஊரே விதைத்தது. அடுப்புக்கும் ஆயிற்று, கரி மூட்டத்துக்கும் ஆயிற்று, ஏரிகளையும் முழுங்கிற்று. 2017-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அகற்றச் சொன்னபோது தமிழ்நாடு முழுக்க ஜேசிபிகள் இறங்கின. அடுத்த மழையில் பல இடங்களில் மறுபடி தளிர்த்தது. மேலே வெட்டி வேரை விட்டால் ஒன்றுக்கு நான்காகக் கிளைக்கும் மரம் அது. காயைத் தின்ற ஆடு போகிற வழியெல்லாம் விதைத்துக்கொண்டே போகும். 2022-ல் அரசு அயல் தாவரங்களுக்கென்று தனிக் கொள்கையே வெளியிட்டது. பனமரத்துப்பட்டியில் 2,137 ஏக்கர். ஒரு தடவை ஏலம் விட்டு, விறகு விற்று, கணக்கை மூடுகிற வேலையாக இதைப் பார்த்தால் மூன்றாவது வருஷம் மறுபடி முள்தான். வேரோடு பிடுங்கி, முளைக்க முளைக்கக் கிள்ளி, அந்த இடத்தில் தண்ணீரையோ உள்ளூர் மரத்தையோ நிறுத்த வேண்டும். அது பல வருஷத்து வேலை, தினக்கூலி வேலை, ஆகவே உள்ளூர் வேலை.

தண்ணீருக்கு? மேட்டூர் உபரிநீரை 565 கோடி ரூபாயில் 100 ஏரிகளுக்குக் கொண்டுபோகும் திட்டம் சேலம் மாவட்டத்தில்தான் வந்தது. அந்த ஏரிகள் மேட்டூர், எடப்பாடி, ஓமலூர், சங்ககிரிப் பக்கம். சேலத்துக்குத் தெற்கே இருக்கும் இந்த ஏரிக்கு அந்தக் குழாய் எட்டவில்லை. எட்டும் நாள் வரை மலை ஓடைகளைத் தூர்வாரி, அடைப்பை எடுத்து, வானத்தைப் பார்க்க வேண்டியதுதான்.

சின்ன அளவில் நடந்த நல்ல கதை பக்கத்திலேயே இருக்கிறது. சேலம் கன்னங்குறிச்சி மூக்கனேரி. 2010 வாக்கில் சூழல் ஆர்வலர் பியூஷ் மானுஷும் சேலம் குடிமக்கள் குழுவும் இறங்கி, தூர்வாரிய மண்ணை வெளியே அள்ளிக் கொட்டாமல் ஏரிக்குள்ளேயே குட்டித் தீவுகளாகக் குவித்து மரம் நட்டார்கள். மண் ஏற்றும் லாரிச் செலவு மிச்சம், பறவைக்குக் கூடு. மூக்கனேரி ஐம்பது, அறுபது ஏக்கர்தான், பனமரத்துப்பட்டியோடு ஒப்பிட முடியாது. ஆனால் படகு வருவதற்கு முன்னால் கொக்கு வந்தது. அந்த வரிசை சரியான வரிசை.

ஊட்டியோடு போட்டி எதற்கு?

சுற்றுலாவில் போட்டி போட வேண்டும் என்றால் எல்லோரும் ஊட்டியைப் பார்க்கிறார்கள். உலகப் பொருளாதார மன்றம் 2024-ல் வெளியிட்ட சுற்றுலா வளர்ச்சிக் குறியீட்டில் இந்தியாவுக்கு 119 நாடுகளில் 39-வது இடம். அந்தப் பட்டியலுக்கும் இந்த ஏரிக்கும் தூரம் அதிகம். பனமரத்துப்பட்டியின் போட்டியாளர் ஊட்டியும் இல்லை, சுவிட்சர்லாந்தும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை சேலத்துக் குடும்பம் வேறு எங்கே போகும்? மாலுக்கு. அந்த மால்தான் போட்டி.

மாலில் கிடைக்காதது இங்கே என்ன இருக்கிறது? விடிகாலை அரளித் தோட்டம் இருக்கிறது. மொட்டுக்கும் பூவுக்கும் விலை எப்படி மாறுகிறது என்று நகரத்துப் பிள்ளைக்குத் தெரியாது, பால் வடியும் செடி விஷம் என்பதும் தெரியாது, ஆடு கூடத் தொடாது என்பதும் தெரியாது. மரவள்ளி, ஜவ்வரிசியாக மாறும் வேலை இருக்கிறது. 1981-ல் தொடங்கிய சேகோசர்வ் கூட்டுறவு சங்கம் வழியாக நாடு முழுக்கப் போகும் சரக்கு அது. மாவுப் பால் தெளிந்து, முத்தாக உருண்டு, வெயிலில் காயும் களத்தை ஒரு தடவை பார்த்த பிள்ளை பாயசத்தை வேறு மாதிரி சாப்பிடும்.

அப்புறம் தட்டுவடை செட். சேலத்துக்காரரிடம் இதைப் பற்றிப் பேசினால் நேரம் போவது தெரியாது. இரண்டு தட்டுவடைக்கு நடுவில் பீட்ரூட் துருவலும் கேரட்டும் வெங்காயமும், அதன் மேல் பச்சைச் சட்னியும் காரச் சட்னியும். வாயை அகலத் திறந்து ஒரே கடியில் முடிக்க வேண்டும், இரண்டாவது கடிக்கு நொறுங்கிக் கையில் வழியும். ஏரிக்கரையில் வரிசையாகப் பெண்கள் குழு கடைகள், பீட்ரூட் பனமரத்துப்பட்டித் தோட்டத்திலிருந்து. இதற்குத் திட்ட அறிக்கை வேண்டாம், தண்ணீர்க் குழாயும் நிழலும் குப்பைத்தொட்டியும் போதும்.

முத்துமலை முருகனைப் பார்க்க வருகிறவர்கள், தாரமங்கலம் போகிறவர்கள், என்.எச். 44-ல் மதுரைக்குப் போகிற வழியில் கால் நீட்டி நிற்க இடம் தேடுகிறவர்கள் எல்லாருமே சேலத்தைக் கடந்துதான் போகிறார்கள். அரை மணி நேரம் செல்ஃபி எடுத்துவிட்டுக் கிளம்புகிறவரை ஒரு ராத்திரி தங்க வைத்தால், அவர் செலவு பல மடங்கு ஆகும். அந்த ராத்திரி தங்கும் அறை யார் வீட்டில் என்பதில்தான் மீதிக் கதை.

கழிவறையும் சரிவுப் பாதையும்

எல்லோருக்குமான சுற்றுலா என்று சொல்லிவிட்டு, பெண்கள் போக ஒரு கழிவறை கட்டாமல் விடுகிறோம். நம் சுற்றுலாத் தலங்களில் பாட்டியம்மாக்கள் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் வருவதற்குக் காரணம் விரதம் கிடையாது. கைக்குழந்தையோடு வரும் தாய்க்கு உட்கார ஒரு மறைவிடம் இருக்கிறதா? சக்கர நாற்காலியில் வருபவருக்குக் கரை மேல் ஏற வழி இருக்கிறதா? மெரினாவில் கடல் அலை வரை மரப்பாதை போட்டது 2022 நவம்பரில்தான். அன்று அலையில் கால் நனைத்த மாற்றுத்திறனாளிகள் பலருக்கு அது வாழ்நாளில் முதல் தடவை. அடுத்த மாதமே மாண்டஸ் புயல் பாதையைச் சேதப்படுத்தியது, சரிசெய்தார்கள். பனமரத்துப்பட்டியில் புயல் பயம் இல்லை. கரை இருக்கிறது, ஏறுவதற்குச் சரிவு போட்டால் போதும்.

கையெழுத்து யாருடையது?

கடைசியில் ஆரம்பித்த இடத்துக்கே வருகிறேன். ஏரி மாநகராட்சியுடையது, கரை ஊர்களுடையது. டிக்கெட் போடும் நாள் வந்தால், அதில் இத்தனை சதவீதம் சுற்றியுள்ள ஊராட்சிகளுக்கும் பேரூராட்சிக்கும் என்று ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும். கடை, படகு, வண்டி நிறுத்தம் எதையும் ஒரே குத்தகைதாரருக்கு மொத்தமாகக் கொடுக்கக் கூடாது. மொத்தக் குத்தகை விட்ட இடங்களில் ஊர்க்காரர் தன் ஊர் ஏரிக்கே காசு கொடுத்துப் போவதை நாம் பார்த்திருக்கிறோம். முள் அகற்றும் வேலைக்கும் கரை காவலுக்கும் முதல் உரிமை கரையில் இருப்பவர்களுக்கு. மலை ஊர்களின் நிலத்தை வாங்குவதற்குப் பதில் குத்தகைக்கு எடுக்கும் வழியை மாவட்ட நிர்வாகம் யோசிக்க வேண்டும்.

இதையெல்லாம் கேட்பதற்கு ஒரு நாள் காலண்டரிலேயே இருக்கிறது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று இருந்த கிராம சபை நாள்களோடு, 2022 முதல் மார்ச் 22 உலகத் தண்ணீர் நாளும் நவம்பர் 1-ம் சேர்ந்திருக்கின்றன. குரால்நத்தம், தும்பல்பட்டி உள்ளிட்ட சுற்றுவட்டார ஊராட்சிக்காரர்களே, அடுத்த மார்ச் 22-ல் தீர்மானப் புத்தகத்தில் ஏரியை எழுதுங்கள். வருமானத்தில் பங்கு என்று எழுதுங்கள். கீழே கையெழுத்துப் போடுகிறவர்களில் அரளி பறிக்கும் பெண்கள் இருக்கட்டும். கூட்டத்தைக் காலையில் வைத்தால் அவர்கள் தோட்டத்தில் இருப்பார்கள். பதினோரு மணிக்கு மேல் வையுங்கள்.